இரண்டு நிமிட வெயிலில் ஒரு நாள் ஓடும் மணிக்கூடு: நாம் எதற்கு விலை கொடுக்கின்றோம்?

சுவிற்சர்லாந்தின் டாக் ஹொயர் நிறுவனம் 2022ஆம் ஆண்டில் ‘சோலார்கிராஃப்’ என்ற பெயரில் சூரிய ஒளியில் இயங்கும் கைமணிக்கூடு ஒன்றை அறிமுகம் செய்தது. ‘அக்வாரேசர்’ என்ற அதன் நீர் விளையாட்டு வரிசையில் வந்த மணிக்கூடு இது. அடுத்த ஆண்டில் அதே மணிக்கூடு டைட்டேனியம் உலோகத்திலும் வந்தது. அப்போது அதன் விலை ஏறத்தாழ 3,000 அமெரிக்க டொலராக இருந்தது. ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் எங்கள் நாட்டுக் கணக்கில் ஒன்பது இலட்சம் ரூபா.

சூரிய ஒளியில் ஓடும் மணிக்கூடு புதுமையான பொருள் அல்ல. காசியோ, சிற்றிசன், சீக்கோ ஆகிய யப்பானிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாக அவற்றை விற்று வருகின்றன. நூறு டொலருக்குக் குறைவாகவும் வாங்கலாம். அப்படியிருக்க, அதே வெயிலைக் குடித்து அதே நேரத்தைக் காட்டுகின்ற ஒரு மணிக்கூட்டுக்கு முப்பது மடங்கு விலை ஏன்? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் சகோதரர்களும் ஊருக்கு வரும்போது கொண்டு வரும் பொருட்களில் மணிக்கூட்டுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. ஆகவே இந்தக் கேள்வி பணக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. வாங்குபவரின் உழைப்பும் பெறுபவரின் பராமரிப்பும் இதில் அடங்கியிருக்கின்றன.

சூரிச்சில் இருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் ஒருவரின் கையில் இந்த டைட்டேனியம் மணிக்கூடு இருந்தது. கேட்டதும் கழற்றித் தந்துவிட்டார். சில நாட்கள் கட்டிப் பார்த்ததில் கண்டவற்றையும், அதன் உள்ளே என்ன நடக்கின்றது என்பதையும் இங்கே பகிர்ந்துகொள்கின்றேன்.

கையில் எடுத்தவுடன்

முதலில் தெரிவது அதன் இலேசு. டைட்டேனியத்தின் அடர்த்தி துருப்பிடிக்காத உருக்கின் அடர்த்தியில் பாதியை விடச் சற்றே அதிகம். ஒரே அளவிலான இரண்டு மணிக்கூடுகளில் டைட்டேனியத்தால் ஆனது ஏறத்தாழ நாற்பது வீதம் பாரம் குறைந்ததாக இருக்கும். பாரமான பொருள்தான் பெறுமதியான பொருள் என்று எண்ணிப் பழகிய கைக்கு இது சற்று ஏமாற்றமாகவே இருக்கின்றது. ‘இவ்வளவு காசு குடுத்து இப்பிடிப் பாரமில்லாமல் இருக்கே’ என்று வீட்டில் ஒருவர் கேட்டார். அரை நாள் கட்டியிருந்த பிறகு அந்த எண்ணம் மாறிவிடும். வியர்க்கும் கையில் இலேசான மணிக்கூடு பெரிய ஆறுதல். வியர்வையாலும் உப்பு நீராலும் டைட்டேனியம் அரிக்கப்படுவதுமில்லை. நிக்கல் ஒவ்வாமையால் மணிக்கூடு கட்டினால் கை அரிக்கும் என்பவர்களுக்கும் இந்த உலோகம் நல்லது.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. இதில் பயன்படுத்தப்பட்டிருப்பது பெரும்பாலும் கலப்பில்லாத டைட்டேனியம். அது உருக்கை விட இலகுவாகக் கீறல் விழும் வகை. மச்சானின் மணிக்கூட்டின் கொளுவியில் ஏற்கெனவே பல கீறல்கள். பளபளப்பில்லாத சாம்பல் நிற மேற்பரப்பு என்பதால் தூரத்தில் இருந்து பார்த்தால் அவை தெரிவதில்லை.

உடலின் குறுக்களவு 40 மில்லிமீற்றர். எங்கள் ஆண்களின் கைக்கு அளவானது. முகப்பைச் சுற்றிப் பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட வளையம் ஒன்று உண்டு. அது ஒரு திசையில் மட்டுமே சுழலும். தண்ணீருக்குள் இறங்கும் நேரத்தில் வளையத்தின் குறியை நிமிட முள்ளோடு பொருத்திவிட்டால் எத்தனை நிமிடம் கடந்தது என்பதைப் பார்த்தவுடன் அறியலாம். தவறுதலாக எங்காவது தட்டுப்பட்டு வளையம் திரும்பினாலும், கடந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. மூச்சுக்காற்று மீதமிருக்கின்றது என்று சுழியோடி ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே வளையம் ஒரு திசையில் மட்டும் சுழலும்படி செய்யப்பட்டிருக்கின்றது.

கறுப்பு முகப்பு. அதில் எங்கும் சூரியத்தகடு தெரிவதில்லை. பழைய சூரிய மணிக்கூடுகளில் முகப்பில் கட்டம் கட்டமாகத் தகடுகள் தெரியும். கணிப்பான் ஒன்றைக் கையில் கட்டியது போல இருக்கும். இதில் அந்தத் தோற்றம் முற்றாக மறைக்கப்பட்டிருக்கின்றது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. செக்கன் முள் மட்டும் செக்கனுக்கு ஒரு தடவை துள்ளி நகர்ந்து, உள்ளே இருப்பது குவாட்ஸ் இயந்திரம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இருட்டில் முட்களும் குறிகளும் நன்றாக ஒளிர்கின்றன. சூரிய ஒளியில் ஓடுவதால்தான் ஒளிர்கின்றது என்று சிலர் நினைக்கலாம். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஒளிர்வது அவற்றில் பூசப்பட்டிருக்கும் பூச்சு. அது வெளிச்சத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இருட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். மின்சாரத்துக்கு அங்கே வேலையில்லை.

முகப்புக்குக் கீழே என்ன நடக்கின்றது?

கறுப்பாகத் தெரிந்தாலும் முகப்பு ஓரளவு ஒளியைக் கீழே விடும்படி செய்யப்பட்டிருக்கின்றது. அதன் கீழே சூரிய மின்கலம். ஒளி அதன் மீது பட்டால் சிறிதளவு மின்சாரம் உண்டாகும். அந்த மின்சாரம் மீள மின்னேற்றக் கூடிய ஒரு சிறிய பற்றரியில் சேமிக்கப்படுகின்றது. அந்தப் பற்றரியே மணிக்கூட்டை ஓட்டுகின்றது. ஆகவே ‘பற்றரி இல்லாத மணிக்கூடு’ என்று கடைகளில் சொல்லப்படுவது சரியல்ல. பற்றரி இருக்கின்றது, அதை அடிக்கடி மாற்றத் தேவையில்லை என்பதுதான் வித்தியாசம்.

நேரத்தைக் கணிப்பது எல்லாக் குவாட்ஸ் மணிக்கூடுகளிலும் இருப்பது போன்ற படிகம்தான். மின்சாரம் கொடுத்தால் அது செக்கனுக்கு 32,768 தடவைகள் அதிரும். இந்த எண்ணை இரண்டாகப் பிரித்து, வரும் விடையை மீண்டும் இரண்டாகப் பிரித்து, இப்படியே பதினைந்து தடவைகள் செய்தால் ஒன்று என்ற எண் கிடைக்கும். அதுவே ஒரு செக்கன். ஒவ்வொரு செக்கனும் ஒரு சிறிய மோட்டார் முள்ளை ஒரு படி நகர்த்தும்.

இந்த மணிக்கூட்டைப் பற்றி நிறுவனம் சொல்வது இதுதான்: இரண்டு நிமிட வெயில் பட்டால் ஒரு நாள் ஓடும். முழுமையாக மின்னேறிய பின் இருட்டில் வைத்தாலும் ஏறத்தாழ ஆறு மாதம் ஓடும். முற்றாக நின்றுபோனால் பத்து செக்கன் வெளிச்சத்தில் மீண்டும் ஓடத் தொடங்கும். உள்ளே இருக்கும் பற்றரியின் ஆயுள் 15 ஆண்டுகள்.

இரண்டு நிமிடத்தில் ஒரு நாள் என்பது விளம்பரப் பேச்சா என்று சந்தேகம் வருவது இயல்பு. பாடசாலை விஞ்ஞானத்தைக் கொண்டு நாமே கணக்குப் பார்க்கலாம்.

ஒரு சாதாரண குவாட்ஸ் மணிக்கூடு உபயோகிக்கும் மின்வலு ஏறத்தாழ ஒன்றரை மைக்ரோவாற்று. அதாவது ஒரு வாற்றைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் ஒன்றரைப் பங்கு. ஒரு நாளில் 86,400 செக்கன்கள். இரண்டையும் பெருக்கினால் ஒரு நாளைக்குத் தேவையான சக்தி ஏறத்தாழ 0.13 யூல். வீட்டில் இருக்கும் ஐந்து வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் இதை ஒரு செக்கனின் நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில் செலவழித்துவிடும்.

இனி வரவுப் பக்கம். உச்சி வெயில் ஒரு சதுர மீற்றர் நிலத்தின் மீது ஏறத்தாழ 1,000 வாற்று சக்தியைக் கொட்டுகின்றது. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு அது 0.1 வாற்று. முகப்பு அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுகின்றது என்று வைப்போம். மின்கலம் அதில் இருபதில் ஒரு பங்கை மட்டும் மின்சாரமாக மாற்றுகின்றது என்றும் வைப்போம். மிஞ்சுவது 0.001 வாற்று. இரண்டு நிமிடம், அதாவது 120 செக்கன்களுக்கு 0.12 யூல். ஒரு நாள் செலவுக்கு ஏறத்தாழச் சமன். இத்தனைக்கும் நாம் கணக்கில் எடுத்தது ஒரு சதுர சென்ரிமீற்றரை மட்டும்தான். முகப்பின் பரப்பு அதைப் போல் பல மடங்கு. ஆகவே நிறுவனத்தின் கூற்று நம்பக் கூடியதே.

இந்தக் கணக்கில் இருந்து இன்னொன்றும் தெரிகின்றது. இதன் வெற்றிக்குக் காரணம் சூரியத்தகட்டின் திறமை மட்டுமல்ல, மணிக்கூட்டின் சிக்கனம். தொடுதிரையுள்ள ஸ்மார்ட் கைக்கடிகாரங்களை ஒவ்வொரு நாளும் மின்னேற்ற வேண்டியிருப்பது, அவை ஒரு நாளில் இதைப் போல் பல்லாயிரம் மடங்கு சக்தியைச் செலவழிப்பதால்தான். அவற்றின் மீது இதே அளவு தகட்டை வைத்தாலும் அது செலவில் ஒரு சிறு பகுதியைத்தான் ஈடுசெய்யும்.

வெயிலில் காயவைத்த பற்றரிகள்

பற்றரி என்பது எங்கள் மக்களுக்கு வெறும் கடைச் சாமான் அல்ல. 1990இல் போர் மீண்டும் தொடங்கிய பின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. எரிபொருள், பற்றரி உட்படப் பல பொருட்களை வடக்குக்குக் கொண்டு வரத் தடை இருந்தது. செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலியை இயக்கிய வீடுகள் எத்தனையோ. இருந்த ஓரிரு பற்றரிகளையும் தீர்ந்த பின் வீசிவிடாமல் முற்றத்தில் வெயிலில் காயவைத்து, மறுபடி போட்டுச் செய்தி கேட்டோம்.

அப்போது நாம் செய்ததும் இந்த மணிக்கூடு செய்வதும் ஒன்றுதானா? வெளிப்பார்வைக்கு ஒன்று போலத் தோன்றும். இரண்டிலும் வெயில், இரண்டிலும் பற்றரி. ஆனால் நடப்பது வேறு. ரோர்ச்சில் போடும் அந்தச் சாதாரணப் பற்றரிக்குள் வெயில் புதிதாக எந்தச் சக்தியையும் செலுத்தவில்லை. சூடு ஏறியபோது உள்ளே இருந்த இரசாயனத் தாக்கம் சற்று விரைவுபட்டது. பாவிக்காமல் ஓய்வில் இருந்த நேரத்தில் உள்ளே தேங்கியவை பரவி இடம்விட்டன. ஏற்கெனவே உள்ளே எஞ்சியிருந்த கொஞ்சச் சக்தியை வெளியே எடுக்க அது உதவியது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வானொலி முன்னரை விடக் குறைந்த நேரமே பேசியது. கடைசியில் எவ்வளவு காயவைத்தாலும் பேசவில்லை.

சூரிய மணிக்கூட்டில் வெயிலின் ஒளியே மின்சாரமாக மாறி உள்ளே போகின்றது. அங்கே உதவுவது வெளிச்சம், சூடு அல்ல. சூடு உண்மையில் கெடுதல். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பராமரிப்பில் நடக்கும் பாதித் தவறுகளைத் தவிர்க்கலாம். மணிக்கூட்டை முற்றத்துச் சீமெந்தில் நடுப்பகல் வெயிலில் வைப்பது, வாகனத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே விட்டுச் செல்வது ஆகிய இரண்டும் கூடாது. அங்கே வெப்பம் எளிதில் 60 பாகை செல்சியசைத் தாண்டும். பற்றரியின் ஆயுள் குறையும். தண்ணீர் புகாமல் காக்கும் றப்பர் வளையமும் கெடும். யன்னலோரத்து வெளிச்சம் போதும். கையில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய் வருவது அதை விட மேல்.

சுவிஸ் பெயரும் யப்பானியத் தொழில்நுட்பமும்

டாக் ஹொயரின் மூலம் 1860இல் எட்வார்ட் ஹொயர் என்பவர் சுவிற்சர்லாந்தில் தொடங்கிய மணிக்கூட்டுத் தொழிலகம். 1985இல் அது டாக் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய் இப்போதைய பெயரைப் பெற்றது. 1999இல் பிரான்சின் எல்.வி.எம்.எச். குழுமம் அதை வாங்கியது.

இடையில் நடந்த ஒரு சம்பவத்தை அறியாமல் இந்த மணிக்கூட்டின் கதையைப் புரிந்துகொள்ள முடியாது. 1969 டிசம்பர் 25ஆம் திகதி யப்பானின் சீக்கோ நிறுவனம் ‘அஸ்ற்ரோன்’ என்ற முதலாவது குவாட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. சுருள்வில்லில் ஓடிய சுவிஸ் மணிக்கூடுகளை விட அது பல மடங்கு துல்லியமாக நேரம் காட்டியது. சில ஆண்டுகளுக்குள் குவாட்சின் விலையும் விழுந்தது. 1970இல் சுவிஸ் மணிக்கூட்டுத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்தார்கள். 1980களின் நடுப்பகுதியில் எஞ்சியவர்கள் முப்பதாயிரம் பேரளவில். தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலைச் செய்த ஊர்கள் வேலையிழந்தன. எங்கள் மக்கள் அகதிகளாகச் சுவிற்சர்லாந்துக்குச் செல்லத் தொடங்கியதும் அதே 1980களில்தான்.

யப்பானியர்கள் அங்கே நின்றுவிடவில்லை. 1976இல் சிற்றிசன் நிறுவனம் முள்ளுள்ள மணிக்கூட்டைச் சூரிய ஒளியில் ஓட்டிக் காட்டியது. அந்த வகையில் அதுவே முதலாவது. பிழைத்திருந்த சுவிஸ் நிறுவனங்களோ பழைய சுருள்வில் இயந்திரத்தையே கைவினை என்றும் மரபு என்றும் சொல்லி உயர்ந்த விலைக்கு விற்கும் வழியை எடுத்தன. அந்த வழியில் குவாட்ஸ் மலிவுப் பொருளாகியது. சூரியத்தகடு அதிலும் மலிவான ஒன்றாகப் பார்க்கப்பட்டது.

இப்போது காற்று திரும்பியிருக்கின்றது. 2021இல் கார்ட்டியே நிறுவனம் தனது புகழ்பெற்ற ‘ராங்’ வடிவ மணிக்கூட்டின் ஒரு வகையைச் சூரிய ஒளியில் ஓடவிட்டது. அதன் முகப்பில் உள்ள உரோமன் இலக்கங்களில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இட்டு அவற்றின் ஊடாக ஒளியை உள்ளே விட்டார்கள். அடுத்த ஆண்டு டாக் ஹொயர் வந்தது.

டாக் ஹொயரின் இந்த இயந்திரத்தைச் செய்வது லா ஷோ-டி-ஃபோன் என்ற ஊரில் உள்ள லா ஜூ-பெரே நிறுவனம். மணிக்கூட்டுத் தொழிலுக்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பட்ட அந்த ஊரை யுனெஸ்கோ 2009இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே இருக்கும் அந்த நிறுவனத்தின் சொந்தக்காரர் யார் என்று பார்த்தால், 2012இல் அதை வாங்கிய சிற்றிசன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் சுவிஸ் தொழிலாளர்களின் வேலையைப் பறித்த தொழில்நுட்பம், அதே யப்பானியரின் கைவழியே, சுவிஸ் ஊரொன்றில் செய்யப்பட்டு, சுவிஸ் பெயரோடு விற்கப்படுகின்றது.

ஒன்பது இலட்சம் எதற்கு?

ஆகவே விலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெயிலில் இருந்து மின்சாரம் எடுத்து நேரம் காட்டும் பகுதிக்கு இவ்வளவு விலை கிடையாது. அந்த வேலையை நூறு, இருநூறு டொலர் மணிக்கூடும் செய்கின்றது. நேரம் காட்டுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல குவாட்ஸ் மணிக்கூடு மாதத்துக்கு 15 செக்கன் அளவில் முன்பின் போகும். மத்திய கிழக்கில் இருந்து எங்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்த சீக்கோ 5 போன்ற சுருள்வில் மணிக்கூடுகள் ஒரு நாளிலேயே அந்த அளவு வித்தியாசப்படக் கூடும்.

மேலதிக விலையில் ஒரு பகுதி பொருளுக்குப் போகின்றது. டைட்டேனியத்தைச் சீராக வெட்டி எடுப்பது கடினம். கண்ணாடி செயற்கை நீலக்கல். அதைக் கீறுவதற்கு வைரம் போன்ற மிகக் கடினமான பொருள் வேண்டும். 200 மீற்றர் நீர்த்தடைக்குத் தடித்த உடலும் திருகி மூடும் சாவியும் தேவை. இணைப்புகள், மூலைகள், முட்களின் ஓரங்கள் ஆகியவற்றில் தெரியும் சுத்தம் மலிவு மணிக்கூட்டில் இல்லை. கையில் எடுத்தால் இந்த வித்தியாசம் தெரிகின்றது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எஞ்சிய பெரும் பகுதி பெயருக்கும் விளம்பரத்துக்கும் கடை வாடகைக்கும். அந்தப் பகுதிக்குக் காசு கொடுப்பது பிழை என்று சொல்ல வரவில்லை. எதற்குக் கொடுக்கின்றோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

200 மீற்றர் என்ற எண்ணையும் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையில் புதிய மணிக்கூடு தாங்கும் அழுத்தத்தையே அது குறிக்கின்றது. கடலில் நீந்தவும் சுழியோடவும் தாராளமாகப் போதும். ஆனால் அந்தத் தடை நிரந்தரமானதல்ல. றப்பர் வளையம் காய்ந்து வெடிக்கும். கடல் நீரில் நனைந்தால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். எங்கள் கடலில் அட்டைக்கும் சங்குக்கும் சுழியோடும் தொழிலாளர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: எவ்வளவு விலையுள்ள மணிக்கூடும் கடந்த நேரத்தைத்தான் சொல்லும். ஆழத்தில் இருந்து வேகமாக மேலே வருவதால் உடலுக்கு ஏற்படும் ஆபத்தை அது தடுக்காது.

மூடி திறக்கப்படாமல் இருப்பதன் பெறுமதி

எனது பார்வையில் இந்த வகை மணிக்கூட்டின் உண்மையான நன்மை வேறொன்று. சாதாரண குவாட்ஸ் மணிக்கூட்டுக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பற்றரி மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் பின்மூடி திறக்கப்படும். தெருவோரத்தில் சிறு மேசை போட்டு வேலை செய்பவரிடம் அந்த மணிக்கூட்டுக்குரிய புதிய றப்பர் வளையமோ, நீர்த்தடையைச் சோதிக்கும் கருவியோ இருப்பதில்லை. அவரைக் குறைசொல்ல முடியாது. வாங்கும் சிறிய கூலிக்கு அவர் செய்யக் கூடியது அவ்வளவுதான். ஆனால் பழைய வளையத்தோடு மூடப்பட்ட மணிக்கூட்டின் கண்ணாடிக்குள் அடுத்த மாரியில் ஆவி படியும். பல மணிக்கூடுகள் பழுதாகிப் போவது இயந்திரக் கோளாறால் அல்ல, இப்படி உள்ளே புகுந்த ஈரத்தால்தான்.

சூரிய மணிக்கூட்டில் இந்தத் தொல்லை பல ஆண்டுகளுக்கு இல்லை. இந்த நன்மை மலிவான சூரிய மணிக்கூட்டிலும் அப்படியே இருக்கின்றது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து என்ன ஆகும் என்பது இன்னொரு கேள்வி. மீள மின்னேறும் பற்றரியும் ஒருநாள் தளரும். அதை மாற்றக் கடைத்தெருப் பற்றரியைப் போடக் கூடாது. பார்வைக்கு ஒரே அளவாக இருந்தாலும் மின்னேற்ற முடியாத பற்றரியை உள்ளே வைத்தால் அது கசிந்து இயந்திரத்தையே அழித்துவிடலாம். உரிய பற்றரியை எடுப்பிக்க வேண்டும். விலையுயர்ந்த மணிக்கூடு என்றால் நிறுவனத்தின் சேவை நிலையத்துக்கே அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் செலவில் மலிவான சூரிய மணிக்கூடு ஒன்றைப் புதிதாகவே வாங்கலாம். பரிசாகக் கொடுப்பவர் இதையும் யோசிக்க வேண்டும். வாங்குவதற்குக் காசு சூரிச்சில் உழைக்கப்படுகின்றது. பழுதுபார்க்கும் செலவு ஊரில் இருப்பவரின் தலையில் விழுகின்றது.

அலுமாரிக்குள் வைக்காதீர்கள்

எங்கள் வீடுகளில் நல்ல பொருளைப் பாவிக்காமல் எடுத்து வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. பல தடவைகள் இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் ஆழமானது. பிள்ளை அனுப்பிய மணிக்கூட்டைப் பெட்டியோடு துணியில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் பூட்டி வைப்பார்கள். கலியாண வீட்டுக்கு மட்டும் எடுப்பார்கள். கொடுத்தவர் இப்போது இல்லை என்றால் அந்த மணிக்கூடு மறுபடி கைக்கு வருவதே இல்லை.

சுருள்வில் மணிக்கூடு என்றால் அப்படி வைக்கலாம். நிற்கும், ஆட்டினால் மறுபடி ஓடும். சூரிய மணிக்கூட்டை அப்படி வைக்கக் கூடாது. ஆறு மாதம் இருட்டில் ஓடி, பிறகு நின்று, பற்றரி அடிமட்டம் வரை வடிந்து, ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தால் அது மறுபடி மின்னேறும் தன்மையை இழக்கலாம். பத்து செக்கன் வெளிச்சத்தில் உயிர்பெறும் என்ற உறுதிமொழி நல்ல நிலையில் உள்ள பற்றரிக்குத்தான் பொருந்தும்.

பாவிக்க மனமில்லாவிட்டால் வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். யன்னலுக்கு அருகே, கண்ணாடி அலுமாரியில், சுவாமித் தட்டில், படத்துக்குப் பக்கத்தில் என்று எங்கேயும் வைக்கலாம். அறைக்குள் இருக்கும் வெளிச்சம் வெயிலை விடப் பல மடங்கு குறைவு. ஆனால் நாள் முழுவதும் கிடைத்தால் செலவை ஈடுசெய்யும். செக்கன் முள் ஒவ்வொரு செக்கனும் நகராமல் இரண்டு செக்கனுக்கு ஒரு தடவை துள்ளினால் கவனியுங்கள். பெரும்பாலான சூரிய மணிக்கூடுகள் பற்றரி குறைந்துவிட்டது என்பதை இப்படித்தான் அறிவிக்கும். அன்று காலை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக இதைச் சொல்லலாம். பற்றரித் தொல்லை இல்லாத, துல்லியமான, உழைக்கும் மணிக்கூடு ஒன்றே தேவை என்றால் இருநூறு டொலருக்குள் அது கிடைக்கும்; அதிலும் இதே வெயில்தான் ஓடும். நல்ல உலோகமும் நல்ல வேலைப்பாடும் கையில் இருக்க வேண்டும் என்ற ஆசையும், அதற்குக் கடன்படாத வசதியும் இருந்தால் சோலார்கிராஃப் ஏமாற்றும் பொருள் அல்ல. ஆனால் ஊரில் இருக்கும் அப்பாவுக்கோ அண்ணாவுக்கோ கொடுப்பதற்காக மேலதிக நேரம் வேலை செய்து இதை வாங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. அவர்கள் அதைக் கட்டப் பயந்து பூட்டி வைத்துவிடுவார்கள். கட்டித் தேய்ந்தாலும் கவலைப்படத் தேவையில்லாத ஒன்றைக் கொடுங்கள். தினமும் கையில் இருந்து வெயில் படும் மணிக்கூடுதான் நீண்ட காலம் ஓடும்.